மேளம் முன்னால் வரட்டும்

விருதுநகர் பங்குனிப் பொங்கலிலும் இருக்கன்குடி ஆடித் திருவிழாவிலும் நையாண்டி மேளம் கேட்டு வளர்ந்த காதுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தவிலும் பம்பையும் பாட்டுக்குத் துணை வருபவை அல்ல, பாட்டை இழுத்துக்கொண்டு போகிறவை. நாட்டார் இசையையும் ராக்கையும் ராப்பையும் கலந்து தமிழில் சினிமாவுக்கு வெளியே வரும் தனியிசையை நான் இந்தப் பிடிவாதத்தோடுதான் கேட்கிறேன்.

2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 19 பேரோடு மேடையேறியது ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் முன்னெடுப்பு, இசைக்குப் பொறுப்பு டென்மா. கானா, ராப், ராக், பறை எல்லாம் ஒரே மேடையில். அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு தமிழ்த் தனியிசை எதைப் பாடலாம் என்ற எல்லையே மாறிவிட்டது. அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் மேடையில் கிடாரோடு மல்லுக்கு நின்ற பறை, ஒலிப்பதிவில் பல இடங்களில் அடங்கிப்போகிறது. எல்லா ஒலியையும் சமப்படுத்தும்போது முதலில் பலியாவது தோலின் அதிர்வுதான்.

ராப் பாடகர் அறிவும் இசையமைப்பாளர் ஆஃப்ரோவும் 2019இல் தந்த ‘தெருக்குறள்’ ஆல்பம் வேறு வகை. அதன் பலம் முழுவதும் சொல்லில். ‘ஆன்டி இந்தியன்’ பாட்டில் அறிவு கோபத்தை வாதமாகவே அடுக்கிக் காட்டுகிறார். ஒரு வரி தளர்ந்தாலும் சரிந்துவிடக்கூடிய கட்டுமானம், சரியவில்லை. இசை அந்தச் சொல்லைத் தாங்கி நிற்கிறது, அதைத் தாண்டிப் போகவில்லை. எழுத்தாக மதிப்பிட்டால் முதலிடம், இசையாக இல்லை.

இவர்களுக்கெல்லாம் முன்பே நாட்டார் பாடகர் கே.ஏ. குணசேகரன் வந்துவிட்டார். கீழ்வெண்மணிக் கொடுமையை வைத்துக் கவிஞர் இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’வை அவர் பாடியதில் மெருகு என்று எதுவும் கிடையாது. குரலுக்கும் கேட்பவனுக்கும் நடுவே எதுவும் நிற்காததால்தான் அது இன்றும் பழசாகவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நாட்டுப்புறப் பாடகி கிடாக்குழி மாரியம்மாளின் குரலை அதன் கரகரப்போடும் அதன் உச்சத்தோடும் அப்படியே முன்னால் நிறுத்தியது எந்தத் தனியிசை ஆல்பமும் அல்ல, ஒரு சினிமாப் பாட்டு: ‘கர்ணன்’ படத்தின் ‘கண்டா வரச்சொல்லுங்க’. இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் அங்கே மேளத்தையும் அந்தக் குரலையும் நம்பினார். சினிமாவுக்கு மாற்று என்று சொல்லிக்கொள்ளும் இசை இந்த இடத்தில் சினிமாவிடம் தோற்றிருக்கிறது. எனக்கு இது வருத்தம்.

பெயர் போடும் விஷயமும் அப்படித்தான். 2021இல் வந்த ‘என்ஜாய் எஞ்சாமி’ பாட்டில் அறிவுக்கு உரிய இடம் தரப்பட்டதா என்று பெரிய விவாதம் நடந்தது, நடக்கத்தான் வேண்டும். மேளம் அடிப்பவருக்காக அப்படி ஒரு விவாதம் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை. சிவகாசியில் அச்சாகும் கோயில் கொடை விழா நோட்டீஸைப் பாருங்கள்: நையாண்டி மேளம் இன்னார் குழுவினர் என்று ஊர்ப்பெயரோடு கொட்டை எழுத்தில் இருக்கும். நாட்டார் இசையின் பெயரில் வரும் ஆல்பங்கள் பலவற்றில் அந்த ஒரு வரிக்கு இடமில்லை.

என் தீர்ப்பு இது. சொல்லுக்குத் ‘தெருக்குறள்’, துணிச்சலுக்குக் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ், குரலுக்குக் குணசேகரனும் மாரியம்மாளும். மேளத்துக்கான இடம் இன்னும் காலி. அதை நிரப்ப நினைக்கும் இளைஞர்கள் பங்குனியில் விருதுநகருக்கு வாருங்கள். கோயில் வாசலிலேயே மைக்கை வையுங்கள், அடிப்பவரின் பெயரை முதலில் போடுங்கள், வருமானத்திலும் பங்கு கொடுங்கள்.