வீட்டுக்கு வரும் போர்க்களம்

ராணுவக் கல்லூரியின் அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்த்தவர் கடைசியாக நுழையும் இடம் அதன் விற்பனைக்கூடம். சீருடைகளும் வாள்களும் பதக்கங்களும் கண்ணாடிப் பேழைக்குள்ளேயே இருந்துவிடுகின்றன. வீடுவரை வருபவை ஓர் அச்சோவியமும் ஒரு புத்தகமும்தான். பழைய மாணவர் அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டுகிறார். போர் இப்படித்தான் நடந்திருக்கும் என்று அதைப் பார்த்தே அவருடைய பேரப்பிள்ளைகள் நம்புகிறார்கள். எனவே இந்தக் கடைகளில் எந்தப் படம் வைக்கப்படுகிறது, அதன் பக்கத்தில் எந்தப் புத்தகம் இருக்கிறது என்பது வரலாற்றைப் பற்றிய கேள்வி. அமெரிக்காவின் பழைய ராணுவக் கல்லூரிகளை வைத்து இதைப் பார்க்கலாம்.

வரைதல் என்னும் படைப்பாடம்

படைக்கும் ஓவியத்துக்கும் உள்ள உறவு கடையில் தொடங்கியதன்று, வகுப்பறையிலேயே தொடங்கிவிட்டது. புகைப்படம் வருவதற்கு முன்பு எதிரியின் கோட்டையையும் ஆற்றின் வளைவையும் குன்றின் சரிவையும் தாளில் பிடித்துத் தருவது அதிகாரியின் வேலை. இங்கிலாந்தின் வுல்விச் ராணுவக் கல்லூரியில் 1768 முதல் தலைமை ஓவிய ஆசிரியராக இருந்தவர் பால் சாண்ட்பி. அக்வாடிண்ட் என்ற செப்புத்தகட்டு அச்சுமுறையை அந்த நாட்டில் பரப்பியவரும் அவரே. பின்னாளில் டேனியல் என்ற ஓவியர் இருவர் மாமல்லபுரத்தையும் தஞ்சைப் பெரிய கோயிலையும் அச்சிட்டு உலகுக்குக் காட்டியது இதே முறையில்தான்.

அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் கல்லூரியிலும் அப்போது வரைதல் கட்டாயப் பாடமாக இருந்தது. அங்கே 1829-இல் பட்டம் பெற்ற சேத் ஈஸ்ட்மன், பிறகு அங்கேயே ஓவிய ஆசிரியராகி, நிலவரைவு பற்றி 1837-இல் பாடநூல் எழுதினார். எல்லைக் கோட்டைகளில் பணியாற்றிய காலத்தில் டகோட்டா மக்களின் அன்றாட வாழ்வை அவர் வரைந்த படங்கள் இன்று அரிய ஆவணங்கள். 1834 முதல் 1876 வரை ஓவியம் கற்பித்த ராபர்ட் வியரிடம் படித்தவர்களில் ஒருவர், பின்னாளில் குடியரசுத் தலைவரான யுலிசஸ் கிராண்ட். மாணவப் பருவத்தில் அவர் தீட்டிய ஓவியங்கள் சில இன்றும் இருக்கின்றன. இன்னொருவர் ஜேம்ஸ் விஸ்லர். வேதியியலில் தேறாமல் 1854-இல் வெளியேற்றப்பட்ட அவர், அடுத்து அமெரிக்கக் கடற்கரை அளவைத் துறையில் சேர்ந்து தகட்டில் அமிலத்தால் கோடு அரிக்கும் எட்சிங் வேலையைக் கற்றார். அந்தக் கலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும் பெயர்களில் ஒன்றாக விஸ்லர் ஆனார்.

கல்லச்சு காட்டிய போர்

வெர்மான்ட் மாநிலத்தின் நார்விச் பல்கலைக்கழகம், வெஸ்ட் பாயிண்டின் தலைவராக இருந்து விலகிய ஆல்டன் பாட்ரிட்ஜ் 1819-இல் தொடங்கியது. அமெரிக்காவின் தனியார் ராணுவக் கல்லூரிகளில் மிகப் பழையது. குடிமகனே போர்வீரனாகவும் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அவருக்குப் பின் தலைவரான ட்ரூமன் ரான்சம், மெக்சிகோ போரில் படைப்பிரிவு ஒன்றை நடத்திச் சென்று, 1847 செப்டம்பர் 13 அன்று சபுல்டெபெக் கோட்டைத் தாக்குதலில் உயிரிழந்தார். கார்ல் நெபெல் வரைந்து 1851-இல் வெளியான 12 கல்லச்சுப் படங்களின் தொகுதியில் அந்தத் தாக்குதலும் இருக்கிறது. ஒரு கல்லூரியின் இழப்பு, ஒரு நாட்டின் வெற்றி, இன்னொரு நாட்டின் தலைநகர் வீழ்ச்சி ஆகிய மூன்றும் அந்த ஒரே நிகழ்வில் அடங்கியிருக்கின்றன. படத்தின் கீழே எதை எழுதுகிறோமோ அதுவே பார்ப்பவர் மனத்தில் நிற்கும்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகு வண்ணக் கல்லச்சு பெரும் வணிகமாயிற்று. பாஸ்டனில் லூயி பிராங் நிறுவனமும் சிகாகோவில் குர்ஸ் அண்ட் அலிசன் நிறுவனமும் போர்க்காட்சிகளை வரிசையாக வெளியிட்டன. பிராங்குக்காகக் கெட்டிஸ்பர்க் போரை வரைந்த தூர டி துல்ஸ்ட்ரப், அந்தப் போர் நடந்தபோது அமெரிக்காவிலேயே இல்லாத ஸ்வீடன்காரர். குர்ஸ் நிறுவனத்தின் படங்களில் அணிவகுப்பு குலையாமல் வீரர்கள் மோதுகிறார்கள், கொடிகள் விரிந்து பறக்கின்றன. அந்த ஒழுங்கை முழுதாக நம்ப முடியாது. ஆனாலும் அதே நிறுவனம் 1890-இல் வெளியிட்ட வாக்னர் கோட்டைத் தாக்குதல் படத்தின் நடுவே நிற்பவர்கள் 54-ஆவது மாசசூசெட்ஸ் படைப்பிரிவின் கறுப்பின வீரர்கள். அவர்களுடைய பங்கை நாடு மறக்கத் தொடங்கியிருந்த காலத்தில் அந்தப் படம் வீடுகளுக்குள் நுழைந்தது. மலிவான அச்சுக்கும் இப்படி ஒரு நற்பயன் உண்டு.

போரில் பங்கெடுத்தவர் வரைந்தால் படம் எப்படி மாறும் என்பதற்கு வெர்மான்ட்டிலேயே சான்று இருக்கிறது. ஜூலியன் ஸ்காட் குழலூதும் சிறுவனாகப் படையில் சேர்ந்தவர். காயம்பட்டவர்களைக் குண்டுமழைக்கிடையே தூக்கி வந்ததற்காக நாட்டின் உயரிய வீரப்பதக்கத்தைப் பெற்றார். சீடர் கிரீக் போரைக் காட்டும் அவரது பேரோவியம் 1874 முதல் மான்ட்பீலியர் சட்டமன்றக் கட்டடத்தில் இருக்கிறது. களைத்த முகங்களும் காயம்பட்ட உடல்களும் அதில் முக்கிய இடம் பெறுகின்றன.

நியூ மார்க்கெட்: ஒரு படத்தின் அருகில்

வர்ஜீனியா ராணுவக் கல்லூரியின் ஜாக்சன் நினைவு மண்டபத்தில், ஏறத்தாழ 18 அடி உயரமும் 23 அடி அகலமும் உள்ள எண்ணெய் ஓவியம் ஒன்று சுவரை நிறைக்கிறது. 1864 மே 15 அன்று நியூ மார்க்கெட்டில் அந்தக் கல்லூரி மாணவர் படை பாய்ந்து சென்ற காட்சி. களத்தில் இறங்கியவர்கள் 257 பேர், உயிரிழந்தவர்கள் 10 பேர். பலர் பதின்வயதுப் பையன்கள். மழையில் ஊறிய வயலில் சேறு காலணிகளைப் பிடுங்கிக்கொள்ள, பலர் வெறுங்காலோடு ஓடினார்கள். வரைந்தவர் அதே கல்லூரியின் பழைய மாணவர் பெஞ்சமின் வெஸ்ட் கிளைன்டின்ஸ்ட். போர் நடந்தபோது அவர் சிறு குழந்தை. ஐம்பதாம் ஆண்டு நிறைவையொட்டி 1914-இல் ஓவியம் முடிந்தது.

போரிட்டுப் பிழைத்த மாணவர்களில் மோசஸ் எசக்கியேல் ஒருவர், அக்கல்லூரியின் முதல் யூத மாணவர். படுகாயமடைந்த நண்பன் தாமஸ் கார்லண்ட் ஜெபர்சனின் கடைசி நாட்களில் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். பின்னாளில் சிற்பியாகி, இறந்த பிள்ளைகளுக்காகத் துயருறும் வர்ஜீனியாவைப் பெண்ணுருவில் வடித்தார். அந்தச் சிலை 1903 முதல் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. ஓவியம் பாய்ச்சலைக் காட்டுகிறது, சிற்பம் இழப்பைக் காட்டுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் நியூ மார்க்கெட் விளங்கும். அவர்கள் எந்தத் தரப்புக்காகப் போரிட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அடிமை முறையைக் காக்கப் பிரிந்த தென்மாநிலங்களின் படைதான் அது. பையன்களின் துணிச்சல் உண்மை, அவர்களை அனுப்பிய நோக்கத்தின் கொடுமையும் உண்மை.

எண்ணிட்ட படிகளும் புத்தகங்களும்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மார்ட் குன்ஸ்ட்லர், டான் ட்ரொயானி போன்றோர் போர்வரலாற்று ஓவியத்துக்குப் புதிய சந்தையை உருவாக்கினார்கள். வரையறுத்த எண்ணிக்கையில் அச்சிட்டு, ஓவியர் பென்சிலால் கையெழுத்திட்டு, விளிம்பில் வரிசை எண் எழுதித் தருவது இவற்றின் முறை. 120/950 என்றிருந்தால் 950 படிகளில் 120-ஆவது. வாங்குபவர் தாளில் அமிலம் உண்டா, மை ஒளியில் வெளிறுமா என்று பார்ப்பதோடு நிறுத்திவிடக் கூடாது, படம் சொல்வது எந்த அளவு உண்மை என்றும் பார்க்க வேண்டும். ட்ரொயானி பழைய சீருடைகளையும் ஆயுதங்களையும் தேடிச் சேர்த்து, பொத்தான்வரை சரிபார்த்து வரைபவர். அந்த உழைப்பு படத்துக்கு நம்பகம் தருகிறது. ஆனால் பொத்தான் சரியாக இருப்பதாலேயே போரின் பொருளும் சரியாகச் சொல்லப்பட்டுவிட்டது என்று ஆகாது. அந்த வேலையைப் புத்தகம்தான் செய்ய முடியும்.

இந்தக் கல்லூரிகளைப் பற்றி நல்ல புத்தகங்கள் உண்டு. வில்லியம் ஆர்பா எல்லிஸ் தொகுத்து 1911-இல் மூன்று தொகுதிகளாக வந்த நார்விச் வரலாறு, பழைய மாணவர்களின் வாழ்வை ஒவ்வொன்றாகப் பதிவு செய்கிறது. உள்நாட்டுப் போரில் அந்த மாணவர்களின் பங்கை ராபர்ட் பாய்ரியர் 1999-இல் தனி நூலாக்கினார். வில்லியம் டேவிஸ் 1975-இல் எழுதிய நியூ மார்க்கெட் வரலாறு, புகழ்க்கதையிலிருந்து போரைப் பிரித்து, இரு தரப்பையும் நிதானமாக அலசுகிறது.

இந்தக் கடைகள் செய்ய வேண்டியது பெரிய செலவில்லாத வேலை. ஒவ்வொரு அச்சோவியத்தின் பின்புறமும் நான்கு செய்திகள் இருக்கட்டும்: வரைந்தவர் யார், நிகழ்வுக்கு எத்தனை ஆண்டு கழித்து வரைந்தார், எதைப் பார்த்து வரைந்தார், படத்தில் யார் விடுபட்டிருக்கிறார்கள். பாய்ச்சலின் படத்துக்குப் பக்கத்தில் மாணவர் கடிதங்களின் தொகுப்பும், வகுப்பறையில் தீட்டிய நிலக்காட்சியும் விற்கப்படட்டும். வரைதலைப் படைப்பாடமாக வைத்தபோது இந்தக் கல்லூரிகள் மாணவரிடம் கேட்டது, கண்முன் இருப்பதைக் கூட்டாமல் குறைக்காமல் தாளில் தர வேண்டும் என்பதைத்தான். வீட்டுக்கு எடுத்துச் செல்ல விற்கும் படத்துக்கும் அவை அதே கண்டிப்பைக் காட்ட வேண்டும்.