கடிகாரத்தின் முன் ஒரு தாய்

நமது கதைகளிலும் கவிதைகளிலும் தாய்க்குக் குறைவில்லை. தியாகத்தின் திருவுருவாகவும், பொறுமையின் உறைவிடமாகவும், தான் பட்டினி கிடந்து பிள்ளையின் வாயில் சோறூட்டுபவளாகவும் அவள் மீண்டும் மீண்டும் தோன்றுகிறாள். பத்திரிகைகளின் மாதர் பகுதிகளிலோ வேறொரு தாய் உலவுகிறாள். அவள் விடியுமுன் எழுந்து, கீரையும் பருப்பும் பழமுமாகச் சத்துள்ள உணவு தயாரித்து, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பி, தானும் வேலைக்குப் போய், மாலையில் களைப்பின்றித் திரும்பி அவர்களோடு விளையாடுகிறாள். நேரத்தைத் திட்டமிட்டுக்கொண்டால் எல்லாத் தாய்மாரும் அவ்வாறு ஆகலாம் என்பது அப்பகுதிகள் வழங்கும் புத்திமதி. முதலாமவள் தெய்வம், இரண்டாமவள் திறமைசாலி. இருவரைப் பற்றிய எழுத்திலும் ஓர் உண்மை மறைக்கப்படுகிறது. தாயின் நாளும் 24 மணித்தியாலங்களே கொண்டது. அதில் பெரும்பகுதியைப் பிறருக்கு விற்றுத்தான் அவள் பிள்ளைக்கு உணவு வாங்க வேண்டியிருக்கிறது என்பதே அவ்வுண்மை.

இம்மறைப்பை விலக்கிக் காட்டும் சிறுகதை ஒன்றை இங்கு ஆராய விரும்புகிறோம். அமெரிக்க எழுத்தாளர் ரில்லி ஒல்சன் எழுதிய அக்கதையின் தலைப்பை, 'இங்கே நின்று துணி தேய்க்கிறேன்' எனத் தமிழிற் கூறலாம். 1956இல் வேறொரு தலைப்புடன் சஞ்சிகையொன்றில் வெளிவந்த இக்கதை, 1961இல் அவரது முதலாவது தொகுதியில் இடம்பெற்றது. சில பக்கங்களே கொண்ட இதில் பெரிய சம்பவம் எதுவுமில்லை. எமிலி என்னும் பத்தொன்பது வயது மகளைப் பற்றிப் பேச வருமாறு தாய்க்கு ஓர் அழைப்பு வந்திருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு உதவி தேவைப்படுகிறது என்கிறார் அழைத்தவர். தாய் போகவில்லை. மகளின் உடையைத் தேய்த்துக்கொண்டே தன் மனத்துள் அவருக்கு விடை கூறுகிறாள். அவ்விடையே கதை.

ஒல்சன் (1912-2007) இதனை வெறும் கற்பனையால் எழுதியவரல்லர். இளமையிலேயே கம்யூனிஸ்ட் இயக்கத்திற் சேர்ந்தவர். 1934இல் சான்பிரான்சிஸ்கோ நகரை உலுக்கிய வேலைநிறுத்தத்தின்போது கைதானவர். 1932இல் 'யொனொண்டியோ' என்ற நாவலைத் தொடங்கினார். அதன் முதற் பகுதி 1934இல் வெளிவந்து பாராட்டும் பெற்றது. ஆனால் நான்கு பெண்பிள்ளைகளை வளர்ப்பதும் கூலிக்கு உழைப்பதும் அவரது நாட்களை விழுங்கின. நாவல் முற்றுப்பெறாமலே 1974இற்றான் நூலுருப் பெற்றது. எழுத முடியாமற் போனவர்களின் நிலையை ஆராய்ந்து 1978இல் அவர் வெளியிட்ட நூலுக்கு 'மௌனங்கள்' என்று பெயர். பஸ்ஸில் நின்றபடியும், பிள்ளைகள் உறங்கிய பின் நள்ளிரவிலும் திருடிய நேரத்திலே தாம் எழுதியதாக அதிற் கூறுகிறார். கதைத் தாயின் கையிலுள்ள இஸ்திரிப்பெட்டி ஆசிரியையின் கையிலும் இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

எமிலி பிறந்தபோது தாய்க்கும் வயது பத்தொன்பதுதான். பொருளாதார மந்தம் உச்சத்திலிருந்த, அரசாங்க நிவாரண வேலைகள் இன்னும் தொடங்காத காலம். அவள் குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கிறாள். ஆனால் புத்தகம் விதித்தபடி, மணி பார்த்துக் கொடுக்கிறாள். குழந்தை வீரிட்டு அழுகிறது. தாயின் மார்பு கனத்து நோகிறது. ஆயினும் கடிகாரம் அனுமதிக்கும்வரை காத்திருக்கிறாள். அக்காலத்து அறிவுரை நூல்கள் அப்படித்தான் கூறின. 1928இல் வெளிவந்த நூலொன்றில் ஜோன் வாட்சன் என்னும் உளவியலாளர் குழந்தையைக் கொஞ்சி முத்தமிடுவதே கெடுதி என்று எச்சரித்தார். 1946இல் வைத்தியர் பெஞ்சமின் ஸ்பொக் எழுதிய நூல் தாயின் உணர்வையும் குழந்தையின் பசியையும் நம்பச் சொன்னது. புத்தகம் மாறிவிட்டது, எமிலி மீண்டும் கைக்குழந்தையாக முடியாது. ஒரு நிபுணரின் கட்டளையைத் தவறாது நிறைவேற்றிய தாய், அடுத்த நிபுணரின் முன் குற்றவாளியாக நிற்கிறாள்.

எட்டு மாதக் குழந்தையைக் கீழ்வீட்டுப் பெண்ணிடம் விட்டு அவள் வேலை தேடிச் செல்ல நேர்கிறது. வறுமையைப் பங்கிட்டுக்கொள்ள மாட்டாமல் தகப்பன் போய்விட்டான். மாலையில் டிராம் வண்டியிலிருந்து இறங்கிப் படிக்கட்டுகளில் ஓடி ஏறுகிறாள். பகலிற் குழந்தையோடிருக்கலாம் என்று இரவு வேலை தேடிக்கொள்கிறாள். அதுவும் நிலைக்கவில்லை. குழந்தையைத் தகப்பனின் குடும்பத்தாரிடம் அனுப்ப வேண்டியதாகிறது. இரண்டு வயதில் திரும்பி வந்தவளைப் பாலர் பாடசாலைக்கு அனுப்புகிறாள். அவ்விடம் நல்லதன்று என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அதுவன்றி வேறிடமில்லை. அங்கு விட்டால்தான் தொழில் கிடைக்கும். தொழில் இருந்தாற்றான் தாயும் மகளும் ஒன்றாக வாழலாம். பிள்ளையோடு இருப்பதற்காகவே பிள்ளையைப் பிரிய வேண்டிய இந்த முரண்பாட்டை ஒல்சன் விளக்கவுரை எதுவுமின்றி நம்முன் வைக்கிறார்.

கதையின் ஆழம் மிக்க பகுதி உணவு பற்றியது. தாய் மறுமணம் செய்து சூசன் பிறந்த வேளையில் எமிலிக்குச் சின்னமுத்து வருகிறது. நோய் நீங்கியும் உடல் தேறவில்லை; எலும்பும் தோலுமாகிறாள். மருத்துவ நிலையத்தார் நல்லெண்ணத்தோடுதான் ஆலோசனை கூறுகின்றனர்: தாயால் கொடுக்க இயலாத உணவும் பராமரிப்பும் கிடைக்கும் சுகவாச விடுதி ஒன்று நாட்டுப்புறத்தில் உண்டு. எமிலி அங்கு போகிறாள். ஒன்று விட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பெற்றோர் பார்க்கலாம். பிள்ளைகள் மேல்மாடத்தில் நிற்கப் பெற்றோர் கீழே புல்வெளியிலிருந்து கத்திப் பேச வேண்டும். வீட்டிலிருந்து வரும் கடிதத்தை ஒரு தடவை வாசித்துக் காட்டிவிட்டு எறிந்துவிடுவார்கள். காலையில் சரியாக வேகாத முட்டை அல்லது கட்டி விழுந்த கஞ்சி. பிள்ளை அதை விழுங்காமல் வாய்க்குள் வைத்திருக்கிறாள். அவளை வீட்டுக்கு மீட்க எட்டு மாதம் செல்கிறது. இழந்த ஏழு இறாத்தலில் மிகக் குறைவாகவே திரும்பப் பெற்றாள் என்ற காரணத்தினாற்றான் உத்தியோகத்தர் இணங்குகிறார். வந்த பின் தாய் அணைத்தாலும் அவள் உடல் விறைத்தே இருக்கிறது. உணவு கசக்கிறது.

போஷாக்கு விஞ்ஞானத்தை இக்கதை மறுக்கிறது என்று எவரும் கருதலாகாது. பிள்ளைக்குப் பாலும் முட்டையும் வேண்டும் என்பதில் ஒல்சனுக்கு ஐயமில்லை. உணவை அதை ஊட்டும் கையிலிருந்தும், அந்தக் கைக்குரிய நேரத்திலிருந்தும் பிரித்துவிட்டால் என்ன நேரும் என்பதையே அவர் காட்டுகிறார். தாய்க்கு வேண்டியிருந்தவை போதிய ஊதியமும் பிள்ளைக்கு அருகிலிருக்கச் சில மாதங்களுமே. அவற்றைக் கொடுக்காத சமுதாயம், பிள்ளையைத் தாயிடமிருந்து எடுத்து நிறுவையிற் போட்டுப் பார்க்கிறது. அந்நிறுவையின்படியும் அது தோற்றுவிடுகிறது.

கடிகாரம் இன்னொரு தடவையும் வருகிறது. தாயும் புதிய தகப்பனும் ஓரிரவு வெளியே சென்று திரும்பும்போது, தனியே விடப்பட்ட எமிலி உறங்காமற் கிடக்கிறாள். கடிகாரம் தரையிற் கிடக்கிறது. அதன் ஓசை பேச்சாகக் கேட்டுப் பயமுறுத்தியதால் எறிந்துவிட்டாளாம். பால் குடிக்கும் வயதில் தன் பசிக்கு எதிராக நின்ற பொருளை அவள் இப்போது தூக்கி எறிகிறாள். ஆசிரியை இவ்விரண்டையும் இணைத்துக் காட்டவில்லை. இணைப்பதை வாசகரிடம் விட்டுவிடுகிறார்.

காலப்போக்கில் வீட்டில் எமிலிக்கு இளையவர்கள் நால்வர் ஆகின்றனர். தாய் வேலைக்குப் போகிறாள். உணவு கட்டுவதும், தலை சீவுவதும், சப்பாத்துத் தேடுவதும், எல்லோரையும் உரிய நேரத்துக்கு அனுப்புவதுமாகக் காலைகள் வெறிபிடித்தாற்போற் கழிகின்றன. இப்போது பாதித் தாயாக நிற்பவள் எமிலி. கடைக்குப் போவதும் வீட்டைப் பார்ப்பதும் அவளே. சிறியவர்கள் உறங்கிய பின்னரே அவள் புத்தகம் திறக்கலாம், பாடங்களிற் பின்தங்குகிறாள். தாயிடமிருந்து திருடப்பட்ட நேரத்தைத் தாய் மூத்த மகளிடமிருந்து எடுக்கிறாள். வறியவர் வீட்டில் மூத்த பெண்ணாகப் பிறந்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

இத்தாயை ஒல்சன் குற்றமற்றவளாக்கிவிடவில்லை. கதையின் நேர்மை இதிலேதான் இருக்கிறது. எமிலியைப் பார்க்கும்போது இன்னும் சற்றுச் சிரிக்கலாமே என்று பின்வீட்டு முதியவர் ஒருவர் ஒருநாள் மெதுவாகச் சொல்கிறார். அவர் சொல்லித்தான் தன் முகத்திற் கவலையே எழுதியிருந்ததை அவள் அறிகிறாள். பின்னர் சிரிக்கக் கற்றுக்கொண்டாள்; ஆனால் அச்சிரிப்பு இளையவர்களுக்கே கிடைத்தது. அன்பு இல்லாமலில்லை, அன்பு முகத்துக்கு வந்து சேர அவகாசம் இருக்கவில்லை. இதை அவள் சாட்டாகச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி ஒப்புக்கொள்கிறாள். தாயைத் தெய்வமாக்கும் கதைகளால் இந்த ஒப்புதலைத் தாங்க முடியாது.

முற்போக்கு அணியைச் சார்ந்த நண்பர் சிலர் இங்கே ஒரு வினா எழுப்பக்கூடும். இக்கதையிற் போராட்டம் எங்கே? தாயின் பக்கத்தில் இன்னொரு தாயேனும் இல்லையே? வினா நியாயமானதே. வேலைநிறுத்தத்திற் கைதான ஆசிரியை, தம் பாத்திரத்தை முற்றிலும் தனியளாக நிறுத்தியிருக்கிறார். இறுதியில் தாய் கேட்பது மிகச் சிறிது. எமிலியின் ஆற்றல் முழுவதும் மலராது போகலாம். ஆயினும் தேய்ப்புப் பலகையில் இஸ்திரிப்பெட்டிக்கு இரையாகக் கிடக்கும் இந்த உடையைப் போன்றவளல்லள் தான் என்று அவள் உணர உதவினால் போதும் என்கிறாள். தனக்கென எதையும் கேட்கவில்லை. குறுகிய வேலைநேரம், நல்ல பராமரிப்பு நிலையம், போதிய சம்பளம் ஆகியவற்றைக் கேட்கலாம் என்ற எண்ணமே அவளுக்குத் தோன்றவில்லை. இதனைக் கதையின் எல்லை என்று நாம் குறிப்பிட வேண்டும்.

ஆயினும் அவ்வெல்லைக்கு அப்பாலிருந்த உண்மையை வரலாறு அறியும். இரண்டாம் உலகப் போரின்போது தொழிற்சாலைகளுக்குப் பெண்கள் தேவைப்பட்டனர். அப்போது அமெரிக்க மத்திய அரசாங்கம் குழந்தைப் பராமரிப்பு நிலையங்களுக்குப் பணம் ஒதுக்கியது. போர் முடிந்தது, 1946இல் அப்பணம் நின்றது. கலிபோர்னியா மாநிலத்திலோ, தொழில் புரியும் தாய்மார் கிளர்ந்து வாதாடினர். அங்கு நிலையங்கள் தொடர்ந்தன. தாயின் நேரம் இயற்கை விதித்த ஒன்றன்று; சமுதாயம் விரும்பினால் அதைக் கொடுக்கவும் பறிக்கவும் முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இக்கதையை நம்நாட்டு வாசகர் அந்நிய வாழ்வென்று ஒதுக்க முடியாது. நமது மலையகத்திலும் விடியுமுன் ரொட்டி சுட்டு, கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, கொழுந்துக் கூடையுடன் மலையேறும் தாய்மார் உண்டு. 1939ஆம் ஆண்டில் இயற்றப்பட்டுப் பின்னர் திருத்தப்பட்ட மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் தாய்க்கு ஒன்பது மணித்தியால வேலைக்குள் பாலூட்ட இரு இடைவேளைகள் வழங்குகிறது. பிள்ளைக் காப்பகம் இருக்குமிடத்தில் ஒவ்வோர் இடைவேளையும் அரை மணித்தியாலம். இல்லாவிடத்தில் ஒரு மணித்தியாலம். சட்டம் நன்று. ஆனால் கொழுந்தின் நிறையைக் கொண்டு நாட்சம்பளம் நிர்ணயிக்கப்படும் இடத்தில், மலையிலிருந்து இறங்கி ஏறும் ஒவ்வொரு நிமிடமும் அவளது கூடையிற் குறைகிறது. 2016ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமற்றோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறங்களிலோ நூற்றுக்கு 32 பேர். இவர்களின் தாய்மாருக்குக் கீரையின் சத்தைப் பற்றி உபதேசிப்பது, எமிலியை மேல்மாடத்தில் நிறுத்தியவர்களின் செயலினின்றும் அதிகம் வேறுபட்டதன்று.

ஒல்சனிடமிருந்து நமது எழுத்தாளர் கற்க வேண்டியது ஒன்றுண்டு. தாயின் தியாகத்தைப் பாடுவது எளிது. அவளுடைய ஒரு நாளை மணிக்கு மணி எழுதிக் காட்டுவது கடினம். அடுப்பு மூட்டியது எப்போது, பிள்ளையை விட்டது யாரிடம், தான் உண்டது எப்போது, உண்டாளா இல்லையா, பிள்ளையின் முகத்தைப் பார்த்தது எவ்வளவு நேரம் என்று ஒரு கதை கணக்கெடுக்குமாயின், அதிற் கோஷம் எதுவும் வேண்டியதில்லை. அந்த நேரத்தை எடுத்துக்கொண்டவர் யார் என்று வாசகரே கேட்பர்.

கதையின் முடிவை அணுகும்போது எமிலி பாடசாலை மேடையில் எல்லோரையும் சிரிக்க வைக்கும் நடிகையாகியிருக்கிறாள். ஓரிரவு வீட்டுக்கு வந்து, எப்போது பார்த்தாலும் தாய் துணி தேய்த்துக்கொண்டிருப்பதைக் கேலி செய்கிறாள். பேசியவாறே குளிர்ப்பெட்டியைத் திறந்து தனக்கொரு தட்டு உணவு எடுத்துக்கொள்கிறாள். சாப்பிட மறுத்த குழந்தை இன்று தன் கையாலே எடுத்து உண்கிறது. அதைத் தாய் நின்றபடி பார்க்கிறாள். அவளுக்கு உட்கார இன்னும் நேரம் வரவில்லை.