கேண்டிடா சுரக்கும் புரதங்கள்: ‘நொதி’ விளக்கத்தின் எல்லைகள்

முன்னுரை

பழனி வட்டத்து நெய்க்காரப்பட்டிப் பகுதியில் கரும்போடும் வெல்லத்தோடும் பழகியோர்க்கு நொதித்தல் புதிய செய்தியன்று. பிழிந்த சாற்றைக் காய்ச்சாமல் விட்டால் புளித்துவிடும். அதில் ஈஸ்ட்டுக்கும் பங்குண்டு. நொதித்தல் என்னும் இவ்வினையிலிருந்தே ‘நொதி’ என்ற கலைச்சொல் அமைந்தது. 1870களில் வில்ஹெல்ம் கூனே ‘என்சைம்’ என்ற சொல்லை ஆக்கியபோதும் ‘ஈஸ்ட்டினுள் இருப்பது’ என்ற பொருளையே கொண்டார். ஈஸ்ட் சுரப்பது எதுவாயினும் அது நொதியாகவே இருக்கும் என்று எண்ணுவதற்கு இச்சொல்லுறவும் ஒரு காரணமாகலாம். நோய் செய்யும் ஈஸ்ட்டுகளைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் பிழையான முடிவுகளுக்கு இட்டுச்செல்கிறது.

தட்டில் தோன்றும் தெளிவளையம்

கேண்டிடா அல்பிகன்ஸ் என்னும் சிற்றினத்தில் ‘சாப்’ எனச் சுருக்கி வழங்கப்படும் புரதச்சிதைப்பு நொதிகள் 10 உள்ளன. அவற்றுள் 8 செல்லுக்கு வெளியே விடப்படுகின்றன. எஞ்சிய 2 செல்லின் மேற்பரப்பில் தங்குகின்றன. ஆல்புமின், கெரட்டின், கொலாஜன் மட்டுமன்றி, உடலைக் காக்கும் எதிர்ப்புரதங்களையும் சிதைக்க வல்லவை இவை. ஆல்புமின் கலந்த அகார் தட்டில் ஈஸ்ட்டை வளர்த்து, அதைச் சுற்றித் தோன்றும் தெளிவளையத்தை அளப்பது எளிது, செலவும் குறைவு. எனவே நோயாளிகளிடமிருந்து பெற்ற ஈஸ்ட்டுகளை இம்முறையால் தரம்பிரித்து, வளையம் அகன்றால் நோயாற்றல் மிகுதி என முடிவுரைக்கும் வழக்கம் ஏற்பட்டது.

இம்முடிவில் ஒரு தாவல் ஒளிந்துள்ளது. அத்தட்டில் ஈஸ்ட்டுக்குக் கிடைக்கும் நைட்ரஜன் பெரும்பாலும் அப்புரதத்திலேயே அடங்கியுள்ளது; உயிர்வாழ அது நொதியைச் சுரந்தே ஆகவேண்டும். வாயின் உட்தோலிலும் குருதியிலும் நிலைமை வேறு. வளையம் காட்டுவது சுரக்கும் திறனையே. நோய்க்கு அச்சுரப்பு தேவையா என்பதை அறிய, உரிய மரபணுவை நீக்கிப் பார்க்கவேண்டும்.

தொடக்கக்கால நீக்கச் சோதனைகள் சாப் நொதிகளின் பங்கை வலியுறுத்தின. ஆயின், அவற்றில் அடையாளமாகப் பயன்பட்ட யுரா3 மரபணு, இடம் மாறி அமர்ந்தால் தானே நோயாற்றலைக் குறைக்கக்கூடும் என்பது பின்னர் தெரியவந்தது. 2008இல் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவ்வடையாளத்தைத் தவிர்த்து, சாப்1 முதல் சாப்6 வரையிலான மரபணுக்களைத் தனித்தும் சேர்த்தும் நீக்கினர். ஆய்வகத்தில் வளர்த்த மனித மேல்தோல் திசுவினுள் அந்த ஈஸ்ட்டுகள் வழக்கம்போலவே ஊடுருவின.

நொதியல்லாத நஞ்சு

அப்படியாயின் திசுவைச் சேதப்படுத்துவது எது? லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்களும் ஜெர்மனியின் யேனா நகர ஆய்வாளர்களும் பிறரும் இணைந்து 2016இல் ‘நேச்சர்’ இதழில் விடையளித்தனர். ஈசிஇ1 என்னும் மரபணு 1990களிலேயே அறியப்பட்டிருந்தது. ஈஸ்ட் இழையாக நீளும்போது அது பெரிதும் செயற்படும் என்பதற்கு அப்பால் அதன் பணி விளங்கவில்லை. அம்மரபணு தரும் புரதம் துண்டுகளாக வெட்டப்படும்போது, 31 அமினோ அமிலங்கள் கொண்ட ‘கேண்டிடாலைசின்’ வெளிப்படுகிறது. இது எந்த வினையையும் ஊக்குவதில்லை. மனிதச் செல்லின் சவ்வினுள் புகுந்து அதைச் சிதைக்கிறது. (அதை வெட்டித் தருவது ஈஸ்ட்டின் உள்ளிருக்கும் ஒரு நொதி என்பது வேடிக்கையான உண்மை.)

ஈசிஇ1 நீக்கப்பட்ட ஈஸ்ட் இழை விடுகிறது, ஒட்டுகிறது, ஊடுருவவும் செய்கிறது. ஆயினும் செல்களைச் சேதப்படுத்துவதில்லை. ஊடுருவலும் சேதமும் ஒன்றே எனக் கொண்ட பழைய விளக்கம் இங்கே உடைகிறது. மேலும், இந்நஞ்சே உடலின் தற்காப்பையும் எழுப்புகிறது. பெண்ணுறுப்புத் தொற்றில் அவ்வாறு விரைந்து வரும் வெள்ளணுக்களே அழற்சியை மிகுவிக்கின்றன என எலிச் சோதனைகள் உணர்த்துகின்றன. ‘திசுவைக் கரைக்கும் நொதி’ என்ற ஒற்றைத் தொடரில் இவையெல்லாம் அடங்கா.

சிற்றினம் என்னும் வினா

இதுவரை கூறியவை அல்பிகன்ஸைச் சார்ந்தவை. இந்தியாவின் 27 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 2011–12இல் நிகழ்ந்து 2015இல் வெளியான ஆய்வு, குருதித்தொற்று கண்ட 1400 நோயாளிகளை ஆராய்ந்தது. 41.6 விழுக்காட்டுடன் முதலிடம் பெற்றது கேண்டிடா டிராபிகாலிஸ். அல்பிகன்ஸின் பங்கு அதில் ஏறத்தாழப் பாதியே. அல்பிகன்ஸின் கதையை இந்திய நோயாளிக்கு அப்படியே பொருத்துவது இதனால் ஏற்கத்தக்கதன்று. டிராபிகாலிஸிலும் கேண்டிடாலைசினை ஒத்த நஞ்சு உண்டு என்பது 2022இல் நிறுவப்பட்டது.

2009இல் ஜப்பானில் முதலில் விவரிக்கப்பட்டு, 2013 முதல் டெல்லி மருத்துவமனைகளிலிருந்து பதிவான கேண்டிடா ஆரிஸின் இயல்பு முற்றிலும் வேறு. அதில் ஈசிஇ1 மரபணுவே இல்லை. இழை விடுவதும் அரிது. ஆயினும் அது உயிரைப் பறிக்கிறது. வியப்பாக, அல்பிகன்ஸில் ஐயத்துக்குள்ளான சாப் நொதிகள் இங்கே மீண்டும் முக்கியத்துவம் பெறுகின்றன: ஆரிஸின் சாப்3 நொதிக்குரிய மரபணுவை நீக்கியபோது எலிகளில் நோயாற்றல் குறைந்தது எனத் தென்கொரிய ஆய்வாளர்கள் 2023இல் காட்டினர். அம்முடிவை நம்பத் தூண்டுவது தெளிவளையத்தின் அகலம் அன்று, மரபணு நீக்கப்பட்டபின் எலிகளில் காணப்பட்ட அம்மாற்றமே.