மூலக்கூறு மோதலின் குவாண்டம் கணக்கு: துல்லியமும் நிபந்தனைகளும்

இரண்டு மூலக்கூறுகள் மோதினால் எந்தப் பிணைப்பு முறியும், விளைபொருள் எந்தத் திசையில் எவ்வளவு சுழற்சியோடு வெளியேறும் என்பதைச் சோதனைத் தரவு எதையும் கடன் வாங்காமல் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டிலிருந்தே கணித்துவிட முயல்வது கோட்பாட்டு வேதியியலின் ஒரு தனிப் பிரிவு. வேலை இரண்டு கட்டங்களில் நடக்கிறது. எலக்ட்ரான்கள் அணுக்கருக்களைவிட மிக இலேசானவை. ஆகவே பார்ன்–ஓப்பன்ஹைமர் தோராயப்படி, கருக்களை ஒவ்வோர் அமைப்பிலும் அசையாமல் நிறுத்தி, எலக்ட்ரான்களின் ஆற்றல் முதலில் கணக்கிடப்படுகிறது. இந்த ஆற்றல்களைக் கோத்தால் கிடைப்பது நிலையாற்றல் பரப்பு. அடுத்ததாக, அந்தப் பரப்பின்மேல் கருக்களின் அலைச்சார்பு எப்படிச் சிதறுகிறது என்று பார்க்கிறார்கள். மூலக்கூறின் ஒவ்வொரு சுழற்சி நிலையும் அதிர்வு நிலையும் ஒரு தடம்; எல்லாத் தடங்களும் ஒன்றோடொன்று பிணைந்த சமன்பாடுகளாக வந்து நிற்கும். சுழலும் மூலக்கூறோடு ஓர் அணு மோதும் நிலைக்கு இந்த முறையை 1960இல் ஆர்தர்ஸும் அலெக்சாண்டர் டால்கார்னோவும் வகுத்தார்கள்.

வேதிவினைக்கு இதைக் கொண்டுபோவது கடினமாக இருந்தது. அணுக்கள் இடம் மாறும்போது, வினைபடுபொருளுக்குப் பொருந்திய ஆயங்கள் விளைபொருளுக்குப் பொருந்தாமல் போகின்றன. மிக எளிய வினையான ஹைட்ரஜன் அணு–ஹைட்ரஜன் மூலக்கூறு மோதலுக்கு முப்பரிமாணத்தில் முழுக் குவாண்டம் விடை கிடைக்க 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கால்டெக்கில் ஆரன் குப்பர்மானும் ஜார்ஜ் ஷாட்ஸும் அதைச் செய்தார்கள். மூன்று புரோட்டான், மூன்று எலக்ட்ரான். அதற்கே இவ்வளவு பாடு.

இந்த முறையின் உண்மையான பலம் 1988இல் எழுந்த ஒரு சர்ச்சையில் தெரிந்தது. அமெரிக்க ஆய்வுக்குழு ஒன்று இதே வினையின் மொத்த மோதல் குறுக்குவெட்டில் (வினை நிகழும் வாய்ப்பின் அளவில்) கூர்மையான முகடுகளைக் கண்டதாக அறிவித்தது. மூன்று அணுக்களும் கணநேரம் ஒட்டியிருக்கும் ஒத்ததிர்வு நிலைகளின் அடையாளம் அவை என்று கருதப்பட்டது. கணக்கீட்டாளர்கள் மறுத்தார்கள். ஒத்ததிர்வுகள் இருப்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு கோண உந்த மதிப்புக்கும் அவற்றின் இடம் சற்றே நகர்கிறது. எல்லாவற்றையும் கூட்டும்போது முகடுகள் கரைந்துபோகும் என்பது அவர்கள் வாதம். 1991இல் ஸ்டான்ஃபோர்டில் ரிச்சர்ட் ஸேரின் குழு சோதனையைத் திரும்பச் செய்தபோது முகடுகள் தென்படவில்லை. கணக்கு சோதனையைத் திருத்திய அரிய நிகழ்வு இது. பொருத்திக்கொள்ள மாறிலி எதுவும் கையில் இல்லாததால்தான் அந்த மறுப்புக்கு எடை இருந்தது.

ஆனால் அதே வினை எதிர்ப்பாடத்தையும் கற்பித்தது. மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் சமபக்க முக்கோணமாக நிற்கும் அமைப்புகளில் இரண்டு எலக்ட்ரான் நிலைகள் ஒன்றையொன்று தொடுகின்றன. அந்தத் தொடுபுள்ளியைச் சுற்றி வந்தால் எலக்ட்ரான் அலைச்சார்பின் குறி மாறும். கருக்களின் கணக்கில் இதைச் சேர்த்தாக வேண்டும். 1990களின் தொடக்கத்தில் குப்பர்மானும் அவருடைய மாணவரும், இந்த வடிவியல் கட்டத்தைச் சேர்த்தால்தான் டியூட்டீரியம் அணு–ஹைட்ரஜன் வினையின் சோதனை முடிவுகள் ஒத்துவருகின்றன என்று எழுதினார்கள். ஒப்பீடு கண்ணுக்கு அழகாகவே இருந்தது. பின்னர் லாஸ் அலமோஸில் பிரையன் கெண்ட்ரிக் வேறொரு வழியில் கணக்கிட்டபோது, மொத்தக் குறுக்குவெட்டில் அந்த விளைவு ஏறக்குறைய முழுதும் நீங்கிப்போனது. தொடுபுள்ளியின் இரு பக்கமாகவும் செல்லும் பாதைகள் பெரும்பாலும் வெவ்வேறு திசைகளில் சிதறுவதால் அவை ஒன்றையொன்று குறுக்கிடுவதில்லை என்று 2005இல் ஆல்தார்ப்பும் உடனாய்வாளரும் விளக்கினார்கள். விளைவு சிதறல் கோணத்தில் மெல்லிய அலைவுகளாக மட்டுமே எஞ்சும். 2018இல் சீனாவில் ஹைட்ரஜன் அணு–எச்டி (ஹைட்ரஜன்–டியூட்டீரியம் மூலக்கூறு) வினையில் அதை அளந்தும் காட்டினார்கள். சோதனையோடு ஒத்துப்போவது மட்டும் கணக்கு சரி என்பதற்குச் சான்றாகாது. இந்தத் துறையில் அது அடிக்கடி மறக்கப்படுகிறது.

அடிப்படையான குறை வேறிடத்தில் இருக்கிறது. ‘துல்லியமான குவாண்டம் விடை’ என்று ஆய்வுக் கட்டுரைகள் சொல்லும்போது, கொடுக்கப்பட்ட நிலையாற்றல் பரப்புக்குத் துல்லியம் என்றே பொருள். பரப்பில் ஆற்றல் தடை மோலுக்கு 1 கிலோகலோரி பிசகினால் வினைவேக மாறிலி 300 கெல்வினில் ஏறத்தாழ 5 மடங்கும் 100 கெல்வினில் ஏறத்தாழ 150 மடங்கும் மாறிவிடும். ஃபுளூரின் அணு–ஹைட்ரஜன் வினையின் வரலாறு இதற்குக் கண்கூடான சாட்சி. 1985இல் யுவான் லீயின் பெர்க்லி குழு, மூன்றாம் அதிர்வு நிலையில் உள்ள ஹைட்ரஜன் ஃபுளூரைடு முன்திசையில் குவிவதைக் கண்டு, அது ஒத்ததிர்வின் விளைவு என்றது. பின்னர் ஸ்டார்க்கும் வெர்னரும் கட்டிய நிலையாற்றல் பரப்பு வந்தபின், நியூட்டன் விதிகளை மட்டும் நம்பும் பாதைக் கணக்குகளே அந்தக் குவிப்பில் ஒரு பகுதியைக் காட்டின. ஐயமில்லாத ஒத்ததிர்வு 2000இல் ஃபுளூரின்–எச்டி வினையில்தான் பிடிபட்டது. 2006இல் சீனாவின் தாலியன் குழு ஃபுளூரின்–ஹைட்ரஜனிலேயே அதைக் கண்டபோது, விளக்கத்துக்குப் புதிய பரப்பு ஒன்றைக் கட்ட வேண்டியிருந்தது. சிதறல் கணக்கின் இயந்திரம் சரியாகவே இருந்தது. அதற்கு ஊட்டிய பரப்புதான் மாறிக்கொண்டே வந்தது.

செலவும் சிறிதல்ல. கணக்கிடும் நேரம் தடங்களின் எண்ணிக்கையின் மும்மடியாக ஏறுகிறது. ஈரணு மூலக்கூறு ஒன்றின் சுழற்சி எண் 10 வரை போதுமென்றால், சுழற்சியின் திசைகளையும் தனித்தனியே எண்ணினால், ஒவ்வொரு கோண உந்தத்துக்கும் ஒரு சமச்சீர் வகைக்கு 66 தடங்கள். 20 வரை வேண்டுமென்றால் 231. நேரம் 40 மடங்கைத் தாண்டுகிறது. கார்ப்ளஸ், போர்ட்டர், சர்மா ஆகியோர் 1965இல் நிறுவிய செவ்வியல் பாதை முறை இதனோடு ஒப்பிட மலிவானது. அறை வெப்பநிலையிலும் அதற்கு மேலும் பல வினைகளுக்கு அதுவே போதும். ஆற்றல் தடையை ஊடுருவிச் செல்வதும், பிணைப்பின் பூச்சிய நிலை ஆற்றல் கசிந்துவிடாமல் காப்பதும் அதனால் முடியாதவற்றுள் முக்கியமானவை.

விண்மீன்களுக்கு இடையிலுள்ள குளிர்ந்த முகில்களில் இந்த மாற்றுவழியும் இல்லை. 10 முதல் 100 கெல்வின் வரை, மூலக்கூறின் சுழற்சி நிலைகள் ஒன்றிரண்டே திறந்திருக்கும் அங்கே, செவ்வியல் முறை நம்பகமிழக்கிறது; ஆய்வகத்தில் நிலைக்கு நிலை அளப்பதும் கடினம். ஃபார்மால்டிஹைடின் 6 செ.மீ. ரேடியோ நிறமாலைக் கோடு, 2.7 கெல்வின் அண்டப் பின்னணிக் கதிர்வீச்சையே உறிஞ்சுவது 1969இல் தெரிந்தது. மோதல்களே அந்த மூலக்கூறைப் பின்னணியைவிடக் குளிர்விக்கின்றன என்று டவுன்ஸும் சியுங்கும் ஊகித்தார்கள். 1970களின் நடுவில் குவாண்டம் கணக்கு அதை உறுதிசெய்தது. நாசாவில் ஷெல்டன் கிரீன் போன்றோர் கணித்த வேகக்கெழுக்களை வைத்துத்தான் ரேடியோ வானியலாளர்கள் முகிலின் அடர்த்தியைச் சொன்னார்கள். ஆனால் நீண்ட காலம் ஹைட்ரஜனுக்குப் பதில் ஹீலியத்தோடு மோதலைக் கணக்கிட்டு, நிறை வேறுபாட்டுக்காக ஏறத்தாழ 1.4ஆல் பெருக்குவது வழக்கமாயிருந்தது. தண்ணீர் மூலக்கூறுக்கு இது ஒத்துவரவில்லை. ஆர்த்தோ ஹைட்ரஜனுக்கு (இரு புரோட்டான்களின் தற்சுழற்சியும் ஒரே திசையில் உள்ள ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு) மின் நான்முனைத் திருப்புத்திறன் உண்டு, ஹீலியத்துக்கு இல்லை; சில நிலைமாற்றங்களில் வேகம் பத்து மடங்குவரை வேறுபடுகிறது. தரவுத்தொகுப்புகளில் இத்தகைய எண்கள் பெரும்பாலும் பிழை வரம்பு இல்லாமலே இடம்பெறுகின்றன; அவற்றை எடுத்தாள்பவர் எது கணக்கு, எது பெருக்கல் என்று பிரித்தறிவது எப்போதும் எளிதல்ல. முறையின் குறை என்பதைவிட இதைப் பழக்கத்தின் குறை என்றே சொல்ல வேண்டும்.

மீக்குளிர் வேதியியலில் நிலைமை விநோதமானது. அங்கே ஒரே ஒரு கோண உந்தத்துக்குரிய அலையே மொத்த மோதலையும் தீர்மானிக்கிறது, ஆகவே இந்த முறைக்கென்றே ஆன களம் அது. 2001இல் பாலகிருஷ்ணனும் டால்கார்னோவும் ஃபுளூரின்–ஹைட்ரஜன் வினை முழுப் பூச்சியத்தை நெருங்கினாலும் நின்றுவிடாது, ஊடுருவலால் தொடரும் என்று கணித்தார்கள். 2010இல் கொலராடோவில், ஒரு கெல்வினின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே பொட்டாசியம்–ருபிடியம் மூலக்கூறுகள் வினைபுரிவதை அளந்தபோதோ, முழுக் கணக்கு பயன்படவில்லை. அந்த நான்கு கன அணுக்களுக்குத் தடங்கள் எண்ணிலடங்காதவை. தொலைவிலுள்ள ஈர்ப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, நெருங்கியவை எல்லாம் வினைபுரியும் என்று வைத்துக்கொண்ட எளிய மாதிரியே அளவீட்டை விளக்கியது. 2021இல் ஹார்வர்டில் அதே வினையின் விளைபொருள்களை 57 சுழற்சி நிலைச் சோடிகளில் எண்ணிப் பார்த்தார்கள். பெரும்பாலானவை புள்ளியியல் எதிர்பார்ப்போடு பொருந்தின, சில மட்டும் தெளிவாக விலகின. அந்தச் சிலவற்றை விளக்க முழுக் குவாண்டம் கணக்குதான் வேண்டும். அந்த அளவு கணக்கை எந்தக் கணினியும் இன்னும் போட்டு முடிக்கவில்லை.