சூப்பர் மாரியோ தொடரின் திரைமறைவுக் கதைகள்: ஒரு மதிப்பீடு

சூப்பர் மாரியோ என்பது ஜப்பானின் கியோட்டோ நகரைச் சேர்ந்த நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்டுவரும் தாவியோடும் வகை வீடியோ கேம் தொடர். இதன் முதல் ஆட்டமான சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 1985 செப்டம்பர் 13 அன்று ஜப்பானில் வெளியானது. அந்த ஓர் ஆட்டம் மட்டும் 4 கோடிக்கும் மேற்பட்ட படிகள் விற்றது. தொடரைப் பற்றிய "உங்களுக்குத் தெரியுமா" வகைத் துணுக்குகள் இணையம் முழுவதும் கிடைக்கின்றன. அவற்றில் எவை ஆட்டத்தைப் புரிந்துகொள்ள உதவுகின்றன, எவை வெறும் வியப்போடு நின்றுவிடுகின்றன, எவை முக்கியமான ஒன்றை மறைக்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழில் வட்டாரத்திலிருந்து பார்க்கும்போது இந்தக் கதைகளில் ஒரு பகுதி கூடுதல் பொருள் பெறுவதால் அந்த ஒப்பீடும் இடம்பெறுகிறது.

பற்றாக்குறையில் பிறந்த உருவம்

மாரியோ முதலில் தோன்றியது 1981-இல் வெளிவந்த டாங்கி காங் என்னும் ஆட்டத்தில். அப்போது அவனுக்கு ஜம்ப்மேன் என்று பெயர். வடிவமைப்பாளர் ஷிகெரு மியாமோட்டோவுக்குக் கிடைத்த புள்ளிகள் மிகக் குறைவு. வாய் வரைய இடமில்லாததால் பெரிய மூக்கும் மீசையும் வந்தன. தலைமுடி வரைவது கடினம் என்பதால் தொப்பி வந்தது. ஓடும்போது கைவீச்சு தெரியவேண்டும் என்பதால் உடலுக்கும் கைக்கும் இரு நிறம் காட்டும் தொழிலாளர் உடை வந்தது. மாரியோ என்ற பெயர், அமெரிக்காவில் நின்டெண்டோவின் கிடங்குக் கட்டடத்துக்கு உரிமையாளராக இருந்த மாரியோ செகாலி என்பவரிடமிருந்து வந்தது. தம்பி லூயிஜி 1983-இல் மாரியோ பிரதர்ஸ் ஆட்டத்தில் வந்தான். தொடக்கத்தில் அவன் நிறம் மாற்றப்பட்ட மாரியோதான்.

சூப்பர் மாரியோ பிரதர்ஸ் முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. நிரலுக்கு 32, படங்களுக்கு 8. இன்று கைபேசியில் அனுப்பும் ஒரு சாதாரணப் புகைப்படமே இதைவிடப் பெரியது. இந்தக் குறுகிய இடத்தில்தான் எட்டு உலகங்கள் கட்டப்பட்டன. மேகமும் புதரும் ஒரே உருவம். நிறம் மட்டும் வேறு. கூம்பா என்னும் காளான் வடிவ எதிரி கடைசிக் கட்டத்தில் சேர்க்கப்பட்டது. கூப்பா ஆமையை மிதித்து, பிறகு அதன் ஓட்டை உதைக்கும் இரண்டு படிச் செயல் புதியவர்களுக்குக் கடினமாக இருந்ததால், ஒரே மிதியில் முடியும் எதிரி தேவைப்பட்டது. ஆனால் படத்துக்கு இடம் மீதமில்லை. எனவே ஒரே படத்தை இடம் வலமாகத் திருப்பித் திருப்பிக் காட்டி அதை நடக்க வைத்தனர்.

இந்தத் துணுக்குகள் நல்லவை. ஒவ்வொன்றும் திரையில் தெரியும் ஒன்றுக்குக் காரணம் சொல்கிறது. மேகமும் புதரும் ஒன்று என்று அறிந்தபின் ஆட்டத்தின் அழகு குறைவதில்லை. அதன் தட்டையான, ஒழுங்கான தோற்றம் எங்கிருந்து வந்தது என்பது விளங்குகிறது. ஆனால் "பற்றாக்குறைதான் கலையைப் படைத்தது" என்ற முடிவுக்கு உடனே தாவுவது சரியல்ல. அதே ஆண்டுகளில் அதே இயந்திரத்துக்கு, அதே நெருக்கடிக்குள் எழுதப்பட்ட எத்தனையோ ஆட்டங்கள் மறக்கப்பட்டுவிட்டன. குறுகிய இடத்தை எதற்குச் செலவிடுவது என்று தேர்ந்ததில்தான் வேறுபாடு இருக்கிறது.

அந்தத் தேர்வுக்குச் சான்று 1-1 எனப்படும் முதல் கட்டம். முதலில் விளையாடுவது என்றாலும் இது உருவாக்கத்தின் பிற்பகுதியில்தான் வடிவம் பெற்றது. மாரியோவால் என்னென்ன செய்யமுடியும் என்று முடிவான பிறகே அவற்றைக் கற்பிக்கும் பாடத்தை அமைக்க முடிந்தது. முதல் கூம்பா எதிரே வருகிறது. தாண்டாவிட்டால் ஓர் உயிர் போகும். தாண்டக் குதிக்கும்போது தலைக்குமேல் உள்ள கட்டியில் மோத வாய்ப்பு அதிகம். கட்டியிலிருந்து வரும் காளான் வலப்புறம் ஓடிக் குழாயில் மோதி ஆட்டக்காரரை நோக்கித் திரும்பி வருகிறது. அதை எதிரியென எண்ணித் தப்பிக்க முயன்றாலும் கட்டிகளுக்குக் கீழே இடம் போதாது. அது மேலே பட்டதும் மாரியோ வளர்கிறான். ஒரு சொல்கூட இல்லாமல் பாடம் முடிந்துவிடுகிறது. ஆங்கிலமும் ஜப்பானிய மொழியும் தெரியாத குழந்தைகள் உலகெங்கும் இந்த ஆட்டத்தை விளையாட முடிந்ததற்கு இதுவே காரணம்.

முகம் மாற்றிய ஆட்டம்

வெளியீட்டு வரலாற்றில் அதிகம் சொல்லப்படும் கதை இரண்டாம் ஆட்டத்தைப் பற்றியது. ஜப்பானில் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2 1986 ஜூன் மாதம் வட்டு வடிவில் வெளியானது. முதல் ஆட்டத்தின் சாயலிலேயே, மிகக் கடுமையாக அமைந்தது. அமெரிக்கக் கிளை அதை ஏற்கவில்லை. அதற்குப் பதிலாக, ஃபியூஜி தொலைக்காட்சியின் விழா ஒன்றையொட்டி 1987-இல் வெளிவந்த யுமே கோஜோ: டோக்கி டோக்கி பேனிக் என்னும் ஆட்டத்தை எடுத்து, அதன் நான்கு கதாபாத்திரங்களுக்குப் பதிலாக மாரியோ, லூயிஜி, டோட், இளவரசி ஆகியோரை வைத்து 1988-இல் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2 என்று அமெரிக்காவில் விற்றது. 1992-இல் அது சூப்பர் மாரியோ யுஎஸ்ஏ என்ற பெயரில் ஜப்பானுக்கே திரும்பிச் சென்றது. கைவிடப்பட்ட ஜப்பானிய இரண்டாம் ஆட்டம் 1993-இல் தொகுப்பு ஒன்றின் பகுதியாக அமெரிக்காவை அடைந்தது.

"அமெரிக்கர் விளையாடியது போலி மாரியோ" என்று இந்தக் கதையைச் சுருக்குவது வழக்கம். இச்சுருக்கம் பாதி உண்மை மட்டுமே. கென்சுகே தனபே பின்னாளில் அளித்த நேர்காணலின்படி, டோக்கி டோக்கி பேனிக் ஆட்டத்தின் வேரே மாரியோ பாணியில் செங்குத்தாக ஏறும் ஒரு சோதனை முயற்சியில் இருந்தது. மாற்றமும் முகங்களோடு நிற்கவில்லை. பொத்தானை அழுத்தி வேகமாக ஓடும் வசதியும், அடிபட்டால் சிறிதாகும் விதியும் புதிதாகச் சேர்ந்தன.

இக்கதையை இந்தியாவின் கள்ளப் பதிப்புகளுடன் சேர்த்துப் பார்க்கவேண்டும். இங்கே பெரும்பாலான சிறுவர்கள் மாரியோவைச் சந்தித்தது நின்டெண்டோ பெட்டியில் அல்ல. மீடியா, லிட்டில் மாஸ்டர் போன்ற பெயர்களில் வந்த நகல் பெட்டிகளில். "9999 இன் 1" என்று அட்டையில் அச்சிட்ட கேசட்டுகளில் ஒரு சில ஆட்டங்களே மீண்டும் மீண்டும் வந்தன. பிற நிறுவனங்களின் ஆட்டத்தில் மாரியோவின் தலையை ஒட்டிவைத்த பதிப்புகளும் புழங்கின. ஜப்பானின் ஐரெம் நிறுவனம் உருவாக்கிய ஒரு நிஞ்ஜா ஆட்டம் இப்படித்தான் சூப்பர் மாரியோ 14 ஆனது. செயல் என்ற அளவில், உரிமையாளர் செய்ததும் கள்ளப் பதிப்பாளர் செய்ததும் நெருங்கிய உறவு கொண்டவை. ஒன்றில் அனுமதியும், விளையாடிப் பார்த்துச் செய்த திருத்தமும் இருந்தன. மற்றதில் இரண்டும் இல்லை. ஒரு ஆட்டத்தை மாரியோ ஆட்டமாக்குவது தொப்பியும் மீசையும் அல்ல, ஓட்டத்துக்கும் தாவலுக்கும் உள்ள கணக்கு என்பதை இந்த இரண்டையும் அருகருகே விளையாடிய எவரும் அறிவர்.

தேதிகளின் சிக்கல்

மூன்றாம் ஆட்டம் ஜப்பானில் 1988 அக்டோபர் 23 அன்று வந்தது. அமெரிக்காவுக்கு 1990 பிப்ரவரியிலும், ஐரோப்பாவுக்கு 1991-லும்தான் வந்தது. நினைவகச் சில்லுகளின் தட்டுப்பாடு தாமதத்துக்கு ஒரு காரணம். இடைப்பட்ட 1989 டிசம்பரில் வெளியான தி விசார்ட் என்னும் ஹாலிவுட் படம், இன்னும் கடைக்கு வராத அந்த ஆட்டத்தைத் திரையில் காட்டியது. ஆட்டமே ஒரு மேடை நாடகம்போலத் திரை விலகித் தொடங்குவதும், தளங்கள் ஆணி அடித்துத் தொங்குவதும், அவற்றின் நிழல் பின்திரையில் விழுவதும் தற்செயல் அல்ல என்று 2015-இல் மியாமோட்டோ உறுதிசெய்தார்.

இவ்வளவு விவரம் கிடைக்கும் தொடரில், முதல் ஆட்டத்தின் அமெரிக்க வெளியீட்டு நாள் உறுதியாக நிறுவப்படவில்லை என்பது வியப்பானது. பல பட்டியல்கள் 1985 அக்டோபர் 18 என்கின்றன. நியூயார்க்கில் இயந்திரம் விற்பனைக்கு வந்த காலம் அது. ஆட்டமும் அன்றே கடைகளில் இருந்ததா என்பதற்கு ஐயத்துக்கு இடமில்லாத சான்று இல்லை என்று ஆட்ட வரலாற்றாய்வாளர் ஃபிராங்க் சிஃபால்டி 2012-இல் ஒரு நீண்ட கட்டுரையில் காட்டினார். அன்று வீடியோ கேம் என்பது பொம்மைக் கடைச் சரக்கு. நாள் குறித்துவைக்கும் தேவை எவருக்கும் தோன்றவில்லை.

வழக்கமான பட்டியல்களில் ஜப்பான், வட அமெரிக்கா, ஐரோப்பா ஆகியவற்றுக்குத் தனித்தனித் தேதி உண்டு. இந்தியாவுக்கான இடம் காலியாக இருக்கும். ஆனால் 1990-களில் தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் இந்த ஆட்டம் இல்லாமல் இல்லை. சென்னை பர்மா பஜாரில் வாங்கிய பெட்டிகள் பேருந்திலும் ரயிலிலும் ஊர்களுக்குப் போயின. மணிக்கணக்கில் வாடகை வாங்கும் கடைகள் இருந்தன. இதற்கு ரசீது இல்லை, விளம்பரம் இல்லை, கையேடும் இல்லை. உடைக்கும் செங்கற்கள் மந்திரத்தால் மாற்றப்பட்ட காளான் நாட்டு மக்கள் என்று மூல ஆட்டத்தின் கையேடு சொல்லும். அதைப் படிக்காத தலைமுறை செங்கல்லைச் செங்கல்லாகவே உடைத்தது. பட்டியலில் இல்லாத வரவையும் வரவாகக் கொள்ளும்போதுதான் இத்தொடரின் உலக வரலாறு முழுமை பெறும்.

யார் செய்தது?

துணுக்குகள் மறைக்கும் மிகப் பெரிய செய்தி இதுவே. டாங்கி காங் ஆட்டத்தை உருவாக்கியவர் மியாமோட்டோ என்றே எல்லாப் பட்டியல்களும் சொல்லும். வடிவமைப்பு அவருடையது, நிரலை எழுதியது இகெகாமி சுஷின்கி என்னும் ஒப்பந்த நிறுவனம். அதன் பொறியாளர்கள் நிரலுக்குள், யாரும் பார்க்காத இடத்தில், தங்கள் நிறுவனத்தின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஒளித்து வைத்தனர். நிரலின் உரிமை தொடர்பாக 1983-இல் அந்நிறுவனம் நின்டெண்டோ மீது வழக்குத் தொடர்ந்தது. 1990-இல் இரு தரப்பும் உடன்பாட்டுக்கு வந்தன.

சூப்பர் மாரியோ பிரதர்ஸ் முடிவில் இளவரசி நன்றி சொல்கிறாள். உருவாக்கியவர் பெயர் ஒன்றுகூட வருவதில்லை. மியாமோட்டோவுடன் தகாஷி தெசுகா கட்டங்களை வரைந்தார். கோஜி கொண்டோ இசையமைத்தார். நிரல் எழுதும் குழுவுக்குத் தலைமை தாங்கிய தொஷிஹிகோ நகாகோ நின்டெண்டோ ஊழியர் அல்லர். எஸ்ஆர்டி என்னும் வெளி நிறுவனத்தைச் சேர்ந்தவர். அந்த நிறுவனம் அதன்பின் வந்த மாரியோ ஆட்டங்கள் பலவற்றுக்கும் நிரல் எழுதியது. நின்டெண்டோ அதை விலைக்கு வாங்கியது 2022-இல்தான்.

ஆம்பூர் வட்டாரத்து வாசகருக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. இங்குள்ள ஷூ கம்பெனிகளில் தயாராகும் காலணிகள் ஐரோப்பா, அமெரிக்கா சென்று வேறு பெயரில் விற்கின்றன. தோலை வெட்டுபவர், அப்பர் தைப்பவர், அடிப்பாகம் ஒட்டுபவர் எனப் பல கை மாறி ஒரு ஜோடி முடிகிறது. தைப்பவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். பெட்டியில் இருப்பது பிராண்டின் பெயர். ஜாப் ஒர்க் செய்தவர் பெயருக்கு அதில் இடமில்லை.

இந்த ஒப்பீட்டுக்கு எல்லை உண்டு. நகாகோவும் கொண்டோவும் பின்னாளில் பெயர் பெற்றார்கள், நேர்காணல்களில் பேசினார்கள். நல்ல சம்பளம் பெற்ற பொறியாளரின் நிலையும் பீஸ் ரேட்டில் தைப்பவரின் நிலையும் ஒன்றல்ல. ஆயினும் இரண்டு இடத்திலும் ஒரே பழக்கம் தெரிகிறது: பலர் செய்த பொருளுக்கு ஒரு பெயரை முன்னிறுத்துவது. மேதை ஒருவர் மீசை வரைந்த கதை எளிதில் பரவுகிறது. ஒப்பந்தக்காரர் நிரல் எழுதிய கதை பரவுவதில்லை.

நம்பிக்கையும் சான்றும்

1996-இல் வந்த சூப்பர் மாரியோ 64 ஆட்டத்தில், அரண்மனை முற்றத்துச் சிலையின் மங்கலான எழுத்துகளை "எல் இஸ் ரியல் 2401" என்று ரசிகர்கள் படித்தனர். லூயிஜி உள்ளே ஒளிந்திருக்கிறான் என்று பல்லாண்டு தேடினர். 2020-இல் கசிந்த உருவாக்கக் கோப்புகளில் லூயிஜியின் உருவம் இருந்தது. உடனே "புதிர் விடுபட்டது" என்ற செய்தி பரவியது. உண்மையில் நிறுவப்பட்டது ஒன்றுதான்: லூயிஜியைச் சேர்க்கத் திட்டம் இருந்து பிறகு கைவிடப்பட்டது. மங்கலான எழுத்து அதைத்தான் குறித்தது என்பதற்கு அக்கோப்புகள் சான்றாகவில்லை. இரண்டும் வெவ்வேறு கூற்றுகள்.

மதிப்பீடு

ஒரு திரைமறைவுக் கதையைப் படிக்கும் மாணவர் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். இது ஆட்டத்தில் காணும் எதையாவது விளக்குகிறதா? சொன்னவர் உருவாக்கத்தில் இருந்தவரா, பிறகு கேட்டவரா? இந்தக் கதையில் யார் விடுபட்டிருக்கிறார்? கூம்பாவின் கதை முதல் கேள்வியில் தேறுகிறது. சிலை எழுத்தின் கதை இரண்டாவதில் தங்கிவிடுகிறது. டாங்கி காங் பற்றிய வழக்கமான கதை மூன்றாவதில் தோற்கிறது.

1990-களின் வாடகைக் கடைகளை நடத்தியவர்களும் அவற்றில் விளையாடியவர்களும் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். எந்த ஆண்டு, எந்தப் பெட்டி, மணிக்கு எவ்வளவு என்பதை அவர்களிடம் கேட்டு எழுதிவைக்க முடியும். அமெரிக்காவில் ஒரு தேதியைத் தேடிய ஆய்வாளருக்குப் பழைய செய்தித்தாள்களாவது இருந்தன. இங்கே அந்த நினைவுகளைத் தவிர வேறு ஆவணம் அரிது. பட்டியலின் காலிக் கட்டம் நிரம்பவேண்டுமானால் அந்த வேலை இங்குள்ளவர்களால்தான் நடக்கவேண்டும்.