பண்குறிப்பும் உட்பொருளும்: மேகராகக்குறிஞ்சியை முன்வைத்து

தேவாரப் பதிகங்களின் தலைப்பில் நிற்கும் பண்பெயரைக் கொண்டே பாடலின் உட்பொருளை உணரலாம் என்போர் மேகராகக்குறிஞ்சியை முதற்சான்றாகக் காட்டுவர். மழை வேண்டி இப்பண்ணில் ஓதும் வழக்கம் இன்றும் உண்டு; 2019இல் இந்து சமய அறநிலையத்துறை விடுத்த சுற்றறிக்கையிலும் அது இடம்பெற்றது.

முதல் திருமுறையின் 129 முதல் 135 வரையுள்ள ஏழு பதிகங்கள் இப்பண்ணுக்குரியன. திருவையாற்றுப் பதிகத்தில் (130) ஆடல் மகளிரின் முழவொலியை மழையென அஞ்சிய மந்திகள் மரமேறி முகிலை நோக்குகின்றன. இக்கொள்கையின் வலுவெல்லாம் இவ்வொரு பாடலில்தான் உள்ளது. அடுத்து வருவது நெய்வேலிக்கு மேற்கேயுள்ள திருமுதுகுன்றத்தின் (விருத்தாசலம்) பதிகம் (131). அது முத்தாறு வலம்செய்யும் பதியைப் போற்றுகிறது. ஆற்றையே மழைக்குறிப்பாகக் கொண்டால், காவிரிக்கரைத் தலங்களைப் பாடிய பண்களெல்லாம் மழைப்பண்களாகிவிடும்.

எபிரேயத் தோராவின் ஓதற்குறிகளிலும் இத்தகைய தேடல் உண்டு. சல்செலெத் என்னும் அரிய குறி தோராவில் நான்கே இடங்களில் வருகிறது. அது மனத்தயக்கத்தைச் சுட்டும் என்பது யூத உரையாளர் சிலரின் விளக்கம். லோத்து தயங்கிய இடத்தில் அக்குறி பெற்ற சொல்லின் பொருளே 'தயங்கினான்' என்பதாகும். அஷ்கெனாசி, செபார்டி, யேமன் மரபுகள் குறிகளை வெவ்வேறு இசையில் ஓதினும், குறி சொல்தோறும் நிற்பதால் விளக்கத்தைச் சொல்லோடு ஒப்பிட்டுச் சோதிக்க முடிகிறது. பண்பெயரோ பதிகம் முழுமைக்கும் பொதுவானது. அதனை ஒரு பாடலின் காட்சியோடு மட்டும் பிணைப்பதற்கு அக்குறிப்பில் இடமில்லை.

பண்குறிப்பு வந்த வழியும் கருதத்தக்கது. ஏடுகள் கிடைத்தபின், எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்ணொருத்தியைக் கொண்டு பண்கள் வகுக்கப்பட்டதாகத் திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. அவ்வூர் இன்றைய இராசேந்திரப்பட்டினம். விருத்தாசலத்திற்குத் தெற்கே உள்ளது. புராணச் செய்தியை அவ்வாறே ஏற்றாலும், பண்வகுப்பு பாடுவோர் மரபின் நினைவாகிறதேயன்றிச் சம்பந்தரின் கைக்குறிப்பாவதில்லை. உட்பொருள் காண்போர் பலரும் இதைக் கடந்துசெல்வது வியப்பே.

எதிர்த்தரப்புக்கு மிக வலுவான சான்று மேகராகக்குறிஞ்சி அன்று. தருமபுரத்து யாழ்மூரிப் பதிகமே (136). யாழில் அடங்காத இசையைச் சம்பந்தர் பாடியபோது யாழ்ப்பாணர் தம் யாழை உடைக்க முற்பட்டார் எனச் சேக்கிழார் விரிக்கிறார். ஈண்டு இசையமைப்பே பொருளாகிறது. ஆயினும் சேக்கிழார் சம்பந்தருக்கு ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டு பிற்பட்டவர். இன்று ஓதுவார்கள் அப்பதிகத்தை அடாணாவில் பாடுகின்றனர். அடாணாவை வீணையில் வாசிக்கத் தடையேதுமில்லை.