தெரியும், ஆனால் தெரியாது: ஆடம்பர உடைக் கம்பெனிகளின் கார்பன் வாக்குறுதிகள்

பூமியைக் காப்பாற்றப் போவதாக ஆடம்பர உடைக் கம்பெனிகள் அறிவிக்கும்போதெல்லாம் 'எல்லாம் பித்தலாட்டம்' என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டுப் போவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. எனக்கு இதில் உடன்பாடில்லை. இந்த வாக்குறுதிகளையும் ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசிக்கவேண்டும் என்று நினைக்கிறேன். எங்கே 'தெரியும்' என்கிறார்கள், எங்கே 'தெரியாது' என்று கைவிரிக்கிறார்கள் என்பதைக் கவனித்தாலே போதும்.

2019 ஆகஸ்டில் பிரான்சின் பியாரிட்ஸ் நகரில் ஜி-7 மாநாட்டையொட்டி 'ஃபேஷன் ஒப்பந்தம்' வெளியானது. அதிபர் மக்ரோன் கேட்டுக்கொண்டதன்பேரில் கெரிங் குழுமத் தலைவர் பினோ ஆள் திரட்டினார். ஷனேல், எர்மெஸ், பிராடா, பர்பெரி உள்ளிட்ட 32 கம்பெனிகள் கையெழுத்திட்டன. துறையிலேயே பெரிய குழுமமான எல்.வி.எம்.எச். சேரவில்லை. சேர்ந்தவர்களையும் சட்டப்படி எதுவும் கட்டுப்படுத்தவில்லை. அடுத்த மாதமே கெரிங்குக்குச் சொந்தமான குச்சி (நம்மூர்க் குச்சி அல்ல, இத்தாலியக் கம்பெனி) தனது சப்ளை சங்கிலி முழுவதிலும் 'கார்பன் சமநிலை' எட்டிவிட்டதாக அறிவித்தது.

இந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது? மூன்று வட்டங்கள். முதல் வட்டம், கம்பெனி தானே எரிக்கும் எரிபொருள். இரண்டாவது, காசு கொடுத்து வாங்கும் மின்சாரம். மூன்றாவது, மற்ற எல்லாம்: மாடு விடும் மீத்தேன், தோல் பதனிடும் தொட்டி, நூற்பாலை, சரக்கு விமானம். இந்தத் தொழிலின் உமிழ்வில் மிகப்பெரும் பகுதி மூன்றாம் வட்டத்தில்தான் இருக்கிறது. கடைக்குக் கடை எல்.இ.டி. பல்பு மாட்டுவதெல்லாம் போட்டோவுக்கு நல்லாயிருக்கும், அவ்வளவுதான்.

குறைக்க முடியாத மிச்சத்துக்குக் காடுகளைக் காக்கும் திட்டங்களின் சான்றிதழ்களைக் குச்சி வாங்கியது. அவற்றில் ஒன்று ஜிம்பாப்வேயில் கரிபா ஏரியை ஒட்டிய திட்டம். 'இத்திட்டம் இல்லாவிட்டால் எவ்வளவு காடு அழிந்திருக்கும்' என்ற அனுமானத்தின் மீதுதான் இச்சான்றிதழின் மதிப்பு நிற்கிறது. நடக்காத அழிவை எவ்வளவு கூட்டிச் சொல்கிறோமோ அவ்வளவு விற்கலாம். 2023 ஜனவரியில் கார்டியன் உள்ளிட்ட பத்திரிகைகள் நடத்திய ஆய்வு, வெர்ரா அமைப்பு ஒப்புதலளித்த மழைக்காட்டுச் சான்றிதழ்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவை உண்மையான குறைப்பைக் காட்டவில்லை என்றது. வெர்ரா மறுத்தது. அந்த ஆண்டிலேயே குச்சி 'கார்பன் சமநிலை' உரிமைகோரலைத் தன் இணையதளத்திலிருந்து சத்தமில்லாமல் எடுத்துவிட்டது. அக்டோபரில் கரிபா சான்றிதழ்களை விற்றுவந்த சௌத் போல் நிறுவனமும் விலகிக்கொண்டது.

இன்னொரு உத்தி, இலக்கைச் சொல்லும் விதத்தில் இருக்கிறது. மூன்றாம் வட்டத்துக்கு எல்.வி.எம்.எச். முதலில் ஏற்றுக்கொண்ட இலக்கு, 2030க்குள் ஒரு யூரோ மதிப்புக்கூட்டலுக்கு 55 சதவீதம் குறைப்பது. மொத்த உமிழ்வு அல்ல, ஒரு யூரோவுக்கு இவ்வளவு என்ற விகிதம். பையின் விலையை ஏற்றினால் ஒரு மாடுகூடக் குறையாமல் விகிதம் மட்டும் இறங்கிவிடும். விலையேற்றத்தையே இயல்பாகக் கொண்ட தொழிலுக்கு இதைவிட வசதியான அளவுகோல் வேறென்ன வேண்டும்? கெரிங் 2023இல் 2035க்குள் மொத்த உமிழ்வையே 40 சதவீதம் குறைப்பதாக, 2021ஐ அடிப்படையாக வைத்து, அறிவித்ததை இந்த இடத்தில் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இப்போது மிலானுக்கு வருவோம். 2024 ஏப்ரலில் அர்மானியின் ஒரு பிரிவையும், ஜூனில் எல்.வி.எம்.எச்.சின் டியோருக்குச் சொந்தமான பை தயாரிப்புப் பிரிவையும் அங்குள்ள நீதிமன்றம் தன் நிர்வாகத்தின்கீழ் கொண்டுவந்தது. கடையில் 2,600 யூரோவுக்கு விற்ற டியோர் பையைத் தைத்துச் சேர்த்த ஒப்பந்தக்காரருக்குக் கிடைத்தது 53 யூரோ. தோல் விலை இதில் சேராது. புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் பட்டறையிலேயே படுத்துறங்கினார்கள். வேலை வேகமாக நடக்க இயந்திரங்களின் பாதுகாப்புக் கருவிகள் கழற்றப்பட்டிருந்தன. சப்ளையர்கள் எங்கள் சோதனையிலிருந்து இதையெல்லாம் மறைத்துவிட்டார்கள் என்றது டியோர். அதாவது, எங்களுக்குத் தெரியாதுங்க. 2025 தொடக்கத்தில் இரண்டு நிர்வாகங்களும் விலக்கிக்கொள்ளப்பட்டன. அதே ஆண்டு ஆகஸ்டில், சமூகப் பொறுப்பு பற்றித் தவறான எண்ணம் தரும்படி விளம்பரம் செய்ததற்காக அர்மானிக்கு 35 லட்சம் யூரோ அபராதம் விதித்தது இத்தாலியப் போட்டி ஆணையம். மேல்முறையீடு செய்வோம் என்றது அர்மானி.

என் கேள்வி இதுதான். சங்கிலியின் கடைசிக் கண்ணியில் நிற்கும் மாட்டின் மூச்சுவரை கணக்கில் இருக்கிறது. மிலானுக்குப் பக்கத்திலேயே பை தைப்பவர் எங்கே தூங்குகிறார் என்பது மட்டும் எப்படித் தெரியாமல் போகிறது? இதைப் பொய் என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்துவிடும். பொய்யைவிட நுட்பமான ஏற்பாடு இது. மூன்றாம் வட்டக் கணக்கில் பெரும்பகுதி நேரில் அளந்தது அல்ல. இத்தனை கிலோ தோல், கிலோவுக்கு இவ்வளவு என்று ஒரு பொதுச் சராசரியால் பெருக்கி வருவது. எந்தப் பட்டறைக்குள்ளும் கால் வைக்காமலே போட்டுவிடலாம். சராசரிக்கு முகவரி கிடையாது, கூலி கேட்கவும் தெரியாது. அதிகாரத்துக்குத் தேவையான அறிவு இப்படித்தான் உற்பத்தியாகிறது: எண் தெரியும், ஆள் தெரியாது.

ஆகவே சூழலியல் வேறு, தொழிலாளர் பிரச்சினை வேறு என்று பிரித்துப் பேசுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. விகிதங்களை ஏற்கமாட்டோம், மொத்த அளவைச் சொல் என்று கேட்கவேண்டும். கூடவே, கார்பன் கணக்கில் இடம்பெறும் ஒவ்வொரு பட்டறையின் பெயரையும் அங்கே கொடுக்கப்படும் கூலியையும் அதே அறிக்கையில் வெளியிடு என்றும் கேட்கவேண்டும். பட்டறையின் பெயரைச் சொல்ல முடியாதவர்கள் அதன் புகையை அளந்துவிட்டதாகச் சொல்லும்போது நாம் ஏன் கைதட்டவேண்டும்?